வேரும் வெண்ணூலும் – ஜொகூர்த் தோட்டங்களில் மரநோய் அறிவு பரவிய வரலாறு

காளானைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்களுள் ஆம்பி என்பது ஒன்று. புறநானூற்று 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் தம் வறுமையைக் குமண வள்ளலுக்கு எடுத்துரைக்கும்போது, நெடுநாள் சமையாது கிடந்த தம் வீட்டு அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதைக் காட்டுகின்றார். சிறுபாணாற்றுப்படை கூறும் வறிய பாணனின் அடுக்களையிலும் காளாம்பி பூத்திருக்கக் காண்கிறோம். சங்கப் புலவர் கண்ணில் காளான் வறுமையின் அடையாளம்.

அப்புலவர்களின் வழிவந்த தமிழ் மக்கள் பற்பல நூற்றாண்டுகள் கழிந்தபின் கடல்கடந்து ஜொகூர் மண்ணில் குடியேறினர். ஆங்கு அவர்கள் வேறோர் ஆம்பியைக் கண்டனர். அது அடுப்பில் முளைத்ததன்று. ரப்பர் மரத்தின் வேரில் வெண்ணூலாகப் படர்ந்தது. அடுப்பில் பூத்த ஆம்பி வந்துவிட்ட வறுமையைக் காட்டிற்று. வேரில் படர்ந்த ஆம்பியோ வரப்போகும் வறுமையைக் காட்டிற்று. மரம் சாய்ந்தால் தோட்ட முதலாளிக்கு நட்டம். அம்மரத்தில் பால் வெட்டிப் பிழைப்பவனுக்குக் கூலியே குறையும்.

இந்நோயைப் பற்றிய அறிவு எங்கே பிறந்தது, எவ்வழியே ஜொகூரை வந்தடைந்தது, யார் யார் கைமாறிப் பயன் தந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வாளர் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துள்ளன. அவர்கள் சொன்னதை மண்ணைத் தோண்டி மெய்ப்பித்த தமிழ்த் தொழிலாளியின் பங்கு எந்த ஏட்டிலும் உரிய இடம் பெறவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நினைவூட்டுதல் நம் கடமையாகும்.

இலங்கை கற்பித்த பாடம்

ஜொகூர் வரலாற்றைத் தொடங்குமுன் இலங்கையை நோக்குதல் வேண்டும். 1869ஆம் ஆண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் துகள் படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூந்தோட்டத் தலைவராக இருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூசண நூல் வல்லுநருமான பெர்க்லி அதனை ஆராய்ந்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. தோட்டக்காரர் பலர் அதனைப் பருவ மாறுதலின் விளைவென்றும், உரக் குறைவின் விளைவென்றும் கருதிக் காலம் போக்கினர்.

1880ஆம் ஆண்டில் மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். 1882 வரை அங்குத் தங்கி, பூசணத்தின் நுண்வித்துக்கள் காற்றில் பரந்து இலைக்கு இலை தாவுவதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். மலைமேல் மலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய்க்கு நல்ல வழி அமைத்தது என்பதும் அவர் கண்ட உண்மை. ஆனால் அவர் வந்தபோதே காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. நட்டமடைந்த துரைமார் சிலர் மலாயாவுக்குப் பெயர்ந்தனர். காப்பித் தோட்டங்களை நம்பித் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் பட்ட துன்பமோ சொல்லுந் தரமன்று.

இப்பேரழிவு ஆட்சியாளர்க்கு ஓர் உண்மையை உணர்த்தியது. ஒரு பயிரை நாடெங்கும் நடுவோர், அப்பயிரின் நோயை அறிந்த ஆய்வாளரையும் உடன் வைத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே அது. 1905இல் டாம் பெட்ச் என்பார் இலங்கை அரசின் பூசண ஆய்வாளராகப் பேராதனையில் அமர்ந்தார். அதே 1905இல் மலாய் ஐக்கிய மாநிலங்களில் விவசாய இலாகா தோன்றியது. காப்பியின் சாவில் பிறந்த படிப்பினை ரப்பருக்குத் துணையாயிற்று என்று கூறலாம்.

ஜொகூர் மண்ணின் நிலை

ரப்பர் வருமுன் ஜொகூரின் முதற் பயிர்கள் கம்பீரும் மிளகும் ஆகும். சீனர்கள் ஆற்றங்கரைகளில் குடியேறி, ஆறுதோறும் ஒரு தலைவரைக் கொண்டு இப்பயிர்களை வளர்த்தனர். இம்முறைக்குக் கங்சூ முறை என்று பெயர். கம்பீர் இலையைக் கொப்பரையில் இட்டுக் காய்ச்சுதற்கு விறகு பெரிதும் வேண்டியிருந்தது. ஆகவே பயிர்நிலத்தைச் சுற்றிய காடும் அழிந்தது. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றவே, அந்நிலத்தைக் கைவிட்டு வேறிடம் சென்றனர். விட்ட நிலத்தில் லாலான் புல் மண்டியது. கங்சூ முறை 1917இல் ஒழிக்கப்பட்டது.

1909இல் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரை இரயில் பாதை முடிந்தது. சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என அப்பாதை தொட்ட ஊர்களைச் சுற்றிப் பெருங்காடுகள் வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்களாயின. 1910இல் ரப்பரின் விலை வானளாவ உயர்ந்தமையால் காடழிக்கும் வேகம் மேலும் மிகுந்தது. நிலத்தைத் திருத்துவோர் மரங்களை வெட்டி வீழ்த்தித் தீயிட்டனர். தரைக்கு மேலே இருந்தது சாம்பலாயிற்று. தரைக்குக் கீழே இருந்த அடிக்கட்டைகளும் வேர்களும் அப்படியே கிடந்தன. அவற்றினிடையே நிரை நிரையாக ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன.

பின்னர் நேர்ந்தவற்றின் வித்து இங்கேதான் இருந்தது. காட்டின் வேர்களில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த பூசணங்கள் இறந்த கட்டைகளில் வேண்டிய உணவு பெற்றுக் கொழுத்தன. காட்டில் ஒரு மரம் நோயுற்றால் அதன் அண்டையில் நிற்பது வேறு இனத்து மரம். நோய் அங்கங்கே அடங்கிவிடும். தோட்டத்திலோ அண்டையில் நிற்பதும், அதற்கு அப்பால் நிற்பதும் ஒரே இனத்து மரங்கள். வேரோடு வேர் தொடும்தோறும் நோய்க்கு வழி திறந்தது.

மூன்று வேர்நோய்கள்

தோட்டங்களில் பேசப்பட்ட வேர்நோய்கள் மூன்று. அவை வேரில் தோன்றும் நிறத்தால் வெள்ளை வேர்நோய், சிவப்பு வேர்நோய், பழுப்பு வேர்நோய் எனப் பெயர் பெற்றன.

வெள்ளை வேர்நோய் இளமரத்தின் கூற்றுவன். இப்பூசணம் வேரின் மேற்பட்டையில் வெள்ளை நூல்களாக ஒட்டிப் படர்ந்து, கிளைத்து, வலைபோல் பின்னிக்கொள்ளும். முதிர்ந்த நூல்கள் மஞ்சளும் செம்மையும் கலந்த நிறமடையும். நூல் முன்னே செல்லும். வேர் பின்னே அழுகும். ஆதலின் மேலே இலை வாடித் தோன்றும்போது கீழே வேரின் பெரும்பகுதி அழிந்திருக்கும். இலையின் பசுமை மங்கும். இலை கீழ்நோக்கி வளையும். பருவமல்லாத காலத்தில் பூக்கும். அதன்பின் ஒருநாட் காற்றில் மரம் சாயும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகச் செம்மஞ்சள் நிறக் காளான்கள் வெளிப்படும்.

சிவப்பு வேர்நோய் மெல்லச் செல்வது; வயது முதிர்ந்த மரங்களையே மிகுதியும் கொல்வது. நோயுற்ற வேரில் மண் அப்பிக்கொள்ளும். நீர்விட்டுக் கழுவினால் உள்ளே செந்நிறத் தோல் விளங்கும். பழுப்பு வேர்நோயில் மணலும் பரலும் சேர்ந்து ஒரு கடும் உறையாக வேரைக் கவ்விக்கொள்ளும். அது கழுவினாலும் எளிதில் போவதன்று.

இவ்வேறுபாட்டை அறிய உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டா. ஒரு மண்வெட்டியும், ஒரு வாளி நீரும், பழகிய கண்ணும் போதும். இந்நோய்களைப் பற்றிய அறிவு ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறித் தோட்டத்து மக்கள் கைக்கு வருதற்கு இவ்வெளிமையே காரணமாயிற்று.

ஏடுகளின் வழியே

1877இல் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளின் கதை ஆசிரியர்கள் அறிந்ததே. 1888இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத் தலைமை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டார். ரப்பர் நடுமாறு எல்லாரையும் வற்புறுத்தியதால் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்னும் பெயரும் பெற்றார். ரப்பரைப் பரப்பிய அவரே அதன் பெரும் பகையையும் முதலில் கண்டுரைத்தார் என்பது பலரும் அறியாத செய்தி. சிங்கப்பூரில் ரப்பர் வேரை வெண்பூசணம் தாக்கியதை 1904இல் அவர் பதிவு செய்தார்.

சிங்கப்பூரில் ரிட்லி கண்டதும், இலங்கையில் பெட்ச் கண்டதும் ஒன்றே என்பது எளிதில் தெளிவாகவில்லை. முதலில் இப்பூசணத்துக்கு ஃபோமஸ் செமிடோஸ்டஸ் எனப் பெயரிட்டனர். அது பொருந்தாதெனக் கண்டு ஃபோமஸ் லிக்னோசஸ் என மாற்றினர். இன்று அது ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என வழங்குகிறது. பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் வினவலாம். இரு நாட்டார் ஒரே பெயரால் ஒரு நோயைக் குறித்தால் அன்றோ, அங்குப் பயன்பட்ட முறை இங்கும் பயன்படுமா என்று ஆராய இயலும்! அறிவுப் பரிமாற்றத்தின் முதற்படி பொதுப்பெயர் என்பதைச் சொல்லாராய்ச்சி பயிலும் நாம் எளிதில் உணர்வோம்.

பெட்ச் 1911இலும் 1921இலும் வெளியிட்ட ரப்பர் மரநோய் நூல்கள் இலங்கையில் எழுதப்பட்டு மலாயாவிலும் பயிலப்பட்டன. 1919இல் தோட்டத் துரைமார் சங்கம் அமைந்தது. மறு ஆண்டில் அதன் இதழ் தொடங்கியது. 1925இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டு, 1929 முதல் தன் ஆராய்ச்சி இதழை வெளியிட்டது. 1936இல் மலாயாவில் பணியாற்றிய பூசண ஆய்வாளர் ஏ. ஷார்ப்பிள்ஸ் எழுதிய விரிந்த நூல் இலண்டனில் அச்சாயிற்று.

இவ்வரிசையில் ஜொகூர் மண்ணோடு நெருங்கிய தொடர்புடையவர் ஒருவர் உண்டு. 1929இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தின் துணைத் தலைவராக வந்த ஈ. ஜே. எச். கார்னர் அவர்கள், பூசண நூலும் மரநூலும் ஒருங்கே கற்றவர். பழுப்பு வேர்நோயின் பூசணத்துக்கு 1932இல் ஃபோமஸ் நாக்சியஸ் என்று பெயர் வைத்தவர் அவரே. ஜொகூரின் கீழ்க்கரையில் செடிலி ஆற்றுச் சதுப்புக் காடுகளுக்குச் சென்று மரங்களையும் காளான்களையும் சேர்த்தார். உயர்ந்த மரங்களின் பூவையும் காயையும் பறித்துப்போட, தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளை ஏவினார். அறிஞர்க்குக் குரங்கும் துணை மாணாக்கனாயிற்று! தென் ஜொகூர்ச் சதுப்புக் காட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1978இல் வெளிவந்தபோது, அவர் கண்ட காட்டின் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது.

மேற்கூறிய இதழ்களும் நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்தவை. மண்ணில் கை வைத்து வேலை செய்தோருள் மிகப் பலர் தமிழர். இவ்விடைவெளியைக் கடந்தது எவ்வாறு என்பதே அடுத்த வினா.

கருத்து மாறிய கதை

தொடக்க நாளில் ஆய்வாளர் கூறிய மருந்து அகழி. நோயுற்ற மரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, அதனைப் பிற மரங்களிலிருந்து பிரித்துவிடுக என்றனர். நிலத்தில் உள்ள கட்டை, வேர் அனைத்தையும் தோண்டி எடுத்துவிட்டால் நோயே வாராது என்றும் கூறினர். பெருங்காட்டின் கட்டைகளைக் கையால் தோண்டி எடுப்பதென்றால் எத்துணை ஆட்கள், எத்துணை நாட்கள் வேண்டும்! செலவு தாங்காது பல தோட்டங்கள் அதனைக் கைவிட்டன. வெட்டிய அகழிகளும் மழையில் தூர்ந்தன. நோய் முன்பே அகழிக்கு அப்பால் சென்றிருத்தலும் உண்டு.

1932இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்து நேப்பர் என்பார் வேறு வழி கூறினார். இப்பூசணம் உணவின்றி மண்ணில் நெடுந்தொலைவு செல்லவல்லதன்று. அதற்கு ஒரு கட்டையோ, வேர்த்துண்டோ தளமாக வேண்டும் என்பது அவர் ஆய்வின் முடிபு. அவ்வாறாயின் நிலம் முழுவதையும் தோண்டுதல் வீண். கன்றுகளையே ஒற்றராகக் கொள்க. குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு மரத்தின் கழுத்தருகே மண்ணை விலக்கிப் பார்க்க. வெண்ணூல் தென்பட்டால் அதனைத் தொடர்ந்து சென்று, அது புறப்பட்ட கட்டையைக் கண்டு, அதனை மட்டும் அகற்றுக. இதுவே அவர் வகுத்த முறை.

இம்முறையின் சிறப்பை உற்று நோக்குதல் வேண்டும். அகழி முறையில் தொழிலாளி வெறும் மண்வெட்டி. நேப்பர் முறையிலோ அவன் கண்ணுடையவன். பொறுக்கிய ஆட்கள் நிரை நிரையாகச் சென்று, மரந்தோறும் குனிந்து, மண்ணை விலக்கி, நல்ல வேர் இது, நோய் வேர் இது எனப் பிரித்தறிதல் வேண்டும். பட்டையில் ஒட்டிய வெண்ணூல் எது, தீங்கற்ற வேறு பூசணம் எது என்று தேர்தல் வேண்டும். அவன் ஒரு மரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு பத்து மரம் போகும். ஆய்வுக்கூடத்து முடிபு முழுவதும் அவன் பார்வையில் தங்கியிருந்தது.

இதுபோன்றே இன்னொரு கருத்தும் தலைகீழாக மாறியது. ரப்பர் நிலத்தில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது பழைய துரைமார் கொள்கை. பெண்களும் ஆண்களும் நாள் முழுவதும் குனிந்து புல் வெட்டினர். மழை வந்து மேல்மண்ணை வாரிச் சென்றது. பின்னர்ப் படரும் அவரையினக் கொடிகளை மூடு பயிராக வளர்க்கலாயினர். கொடி நோயைப் பரப்புமோ என்னும் ஐயம் எழுந்தது. ஆராய்ந்தபோது உண்மை வேறாயிருந்தது. கொடி படர்ந்த ஈர நிலத்தில் பூசண நூல்கள் நாற்புறமும் பரந்து ஓடித் தம் வலிமையை வீணாக்கிக்கொள்கின்றன. கட்டைகளும் விரைவில் மக்குகின்றன. பூசணம் உணவின்றி மெலிகிறது. 1965இல் ஃபாக்ஸ் என்னும் ஆய்வாளர் இதனை விளக்கி எழுதினார். நாற்பதாண்டு முயன்று களைந்த பசுமையே மரத்துக்குக் காவலாயிற்று.

கத்தியும் மருந்தும்

வேர்நோயோடு பட்டை நோய்களும் சேர்ந்தன. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்து பட்டையை அழிக்கும் நோய் ஒன்று. அது ஒரு மரத்தில் பட்ட கத்தியின் வாயிலாகவே அடுத்த மரத்துக்குச் செல்லும். ஆகவே கத்தியை மருந்து நீரில் நனைத்துத் தூய்மை செய்தல் பால்வெட்டுத் தொழிலின் ஒழுங்காயிற்று. இங்குத் தொழிலாளியின் கவனமே மருந்து, கவனக்குறைவே நோய்.

கிளைகளைத் தாக்கும் இளஞ்சிவப்பு நோய் மற்றொன்று. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அதற்கு நல்ல மருந்து. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் 1885ஆம் ஆண்டளவில் பெயர்பெற்ற கலவை அது. ஆயினும் மயில்துத்தத்தில் உள்ள செம்பு ரப்பரைக் கெடுக்கும் இயல்புடையது. பாலில் அது கலந்தால் ரப்பர் பிசுபிசுத்துத் தரம் குன்றும். ஆதலின் பால் வெட்டாத இளமரங்களுக்கே அக்கலவை பொருந்தும் எனக் கண்டனர். ஒரு நாட்டு மருந்தை மற்றொரு நாட்டுப் பயிருக்கு அப்படியே கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

எல்லா மருந்தும் மக்களுக்கு நன்மை செய்தன என்று கூறவும் இயலாது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறுநடவு நிதி அமைந்தபின், ஜொகூரிலும் பிற மாநிலங்களிலும் முதிர்ந்த மரங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டன. பழைய மரத்தின் கட்டை நோய்க்குத் தளமாகாதிருக்க, அதனை நஞ்சிட்டுக் கொன்றனர். வெட்டுவாயில் நுண்வித்து விழாதவாறு கிரியோசோட்டுப் பூசினர். இவ்வாறு பயன்பட்ட நஞ்சுகளுள் ஒன்று சோடியம் ஆர்சனைட்டு. அது கொடிய பாஷாணம். மரத்துக்கு வரும் நோயைப் பற்றி ஏடு ஏடாக எழுதிய காலத்தில், அந்நஞ்சைக் கையாண்டவனின் உடல்நலத்தைப் பற்றி எழுதியது சிறிதே. மரம் காத்த வரலாற்றைப் போற்றும்போது இதனையும் மறத்தல் தகாது.

‘இங்கே வா’ என்னும் மொழி

இனித் தமிழாசிரியர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் துரைமார் தமிழ் கற்பதற்கென ஒரு கைநூல் வெளிவந்தது. அதன் பெயரே ‘இங்கே வா’ என்பது. அத்தகைய தமிழே மலாயாத் தோட்டங்களிலும் துரைமார் வாயில் வழங்கியது. இங்கே வா, அங்கே போ, மண்ணைத் தோண்டு, மரத்தை வெட்டு என்று ஏவுதற்கு அது போதுமானது. ஆனால் “நீ என்ன கண்டாய்? எப்போது கண்டாய்? முன்பு இந்த இடத்தில் என்ன மரம் நின்றது?” என்று வினவுதற்கும், வரும் விடையைப் புரிந்துகொள்ளுதற்கும் அது போதுமா?

பால் வெட்டுபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 முதல் 500 மரங்கள் வரை ஒதுக்கப்படுவது வழக்கம். ஒரே நிரையில் ஆண்டுக்கணக்காக இருள் பிரியுமுன் சென்று, ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்தவர் அவர். எந்த மரத்தில் பால் குறைந்தது, எந்த மரத்தில் இலை மங்கிற்று, எந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்கிற்று என்பவற்றை அவர்போல் அறிந்தவர் வேறு யார்? மாதம் ஒருமுறை வரும் ஆய்வாளரோ, மிதிவண்டியில் கடந்து செல்லும் துரையோ அறிதல் அரிது.

இவ்வறிவு மேலே செல்ல இருந்த வழி, தொழிலாளியிடமிருந்து கங்காணி, கங்காணியிடமிருந்து கிராணி, கிராணியிடமிருந்து துரை என்னும் ஏணி. ஏணியில் கட்டளை இறங்குதல் எளிது. செய்தி ஏறுதல் அரிது. கங்காணியின் கோபத்துக்கு அஞ்சியவன் கண்டதைக் கூறாது விடுவான். கூறினாலும் அது கிராணியின் கணக்கேட்டில் ‘பட்டுப்போன மரம் இத்தனை’ என ஓர் எண்ணாகச் சுருங்கும். வேரில் நோய் தொடங்கிய நாளுக்கும், இலை வாடித் துரை கண்ணில் படும் நாளுக்கும் இடையே நெடிய காலம் உண்டு எனக் கண்டோம். அந்த இடைக்காலத்தில் அறிந்தவன் சொல்லவும், கேட்பவன் கேட்கவும் ஒரு மொழி இருந்திருப்பின் காப்பாற்றக்கூடிய மரங்கள் பல. சாதி, நிறம், பதவி என்னும் அகழிகள், நோயைத் தடுக்க வெட்டிய அகழிகளைக் காட்டிலும் ஆழமாக இருந்தன.

இதற்கு மாறாக, தொழிலாளர்க்குள் அறிவு பரவியது தடையின்றி நடந்தது. தந்தை மகனுக்கும், தாய் மகளுக்கும், பழைய ஆள் புதிய ஆளுக்கும் நிரையிலேயே கற்பித்தனர். பட்டையின் ஆழம் அறிந்து காயம் படாமல் வெட்டும் நுட்பமும், நோயுற்ற மரத்தை அடையாளம் காணும் நுட்பமும் கையோடு கையாகக் கைமாறின. நோய் பரவியதும் தொட்டு. அறிவு பரவியதும் தொட்டே. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் சென்றவர் தம் கத்தியோடு தம் அறிவையும் கொண்டு சென்றனர்.

செம்பனையின் காலம்

பின்னர் ஜொகூரின் தோற்றம் மாறியது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை பரவியது. இன்று தீபகற்ப மலேசியாவில் செம்பனை மிகுந்த மாநிலங்களுள் ஜொகூரும் ஒன்று. பயிர் மாறினும் பாடம் மாறவில்லை. செம்பனையின் அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மா என்னும் பூசணத்தைப் பற்றித் தாம்சன் என்பார் 1931லேயே மலாயாவில் எழுதினார். முதிர்ந்து பயன் குன்றிய மரங்களுக்கு வரும் நோய் என்று அந்நாளில் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. பழைய தென்னையும் செம்பனையும் நின்ற நிலத்தில் கட்டைகளை அகற்றாது மறுநடவு செய்தபோது, இளமரங்களையும் அது தாக்கலாயிற்று. கட்டையில் பகை தங்கும் என்று ரப்பர் கற்பித்த பாடத்தைச் செம்பனை மீண்டும் ஒருமுறை விலைகொடுத்துக் கற்றது.

ரப்பருக்கும் அச்சம் தீர்ந்துவிடவில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோயால் பிரேசில் நாட்டில் ஹென்றி ஃபோர்டு 1928இல் தொடங்கிய ஃபோர்டுலாந்தியாத் தோட்டம் பாழாயிற்று. அந்நோய் இதுவரை மலேசியாவை அணுகவில்லை. அதனை அணுகவிடாது காத்தல் அரசின் இடையறாப் பணியாக உள்ளது. 2016 முதல் இந்தோனேசியாவிலும், பின் மலேசியாவிலும் பெஸ்டலோடியாப்சிஸ் என்னும் இலையுதிர்வு நோய் ரப்பரை வருத்துகிறது. நாடுகள் தம்முள் செய்தியைப் பகிர்ந்துகொள்ளுதல் இன்றும் காப்பின் முதற்படியாகும்.

ஆனால் நிரையில் நின்று பார்த்த கண்கள் இன்று எங்கே? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, வீட்டுமனைகளாயின. தமிழ் மக்கள் பெரும்பாலும் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். அயல்நாடுகளிலிருந்து குறுகிய கால ஒப்பந்தத்தில் வருவோர் இன்று தோட்டப் பணிகளைச் செய்கின்றனர். மூன்று ஆண்டு இருந்து செல்பவர் முப்பது ஆண்டு வாழும் மரத்தின் வரலாற்றை அறிதல் எங்ஙனம்? தொட்டுப் பரவிய அறிவுக்குத் தொடர்ச்சி அற்றுவிட்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

ரப்பர் நோய்களைப் பற்றி ஆங்கிலத்தில் உள்ள ஏடுகள் நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. நேப்பர் என்ன கூறினார், ஷார்ப்பிள்ஸ் என்ன கூறினார் என்பதை இன்னும் நூறாண்டு கழித்தும் எடுத்துப் படிக்கலாம். அவர்கள் கூறியதைச் செய்து பார்த்தவர்கள் என்ன கூறினர் என்பது முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நூலகம் நாள்தோறும் குறைந்து வருகிறது.

கூலாய், குளுவாங், ரெங்கம், சிகாமட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள், தோட்டத்தில் உழைத்த தாத்தா பாட்டியரிடம் மாணாக்கரை அனுப்பிச் சில வினாக்களைக் கேட்கச் செய்யலாம். வேரில் படரும் வெண்ணூலை நீங்கள் என்ன பெயரிட்டு அழைத்தீர்கள்? சாகப்போகும் மரத்தை எந்த அடையாளத்தால் முன்னரே அறிந்தீர்கள்? அதனை யாரிடம் கூறினீர்கள்? கூறியபின் என்ன நடந்தது? மாணாக்கர் கேட்ட சொற்களை இலக்கணம் திருத்தாமல், கேட்டபடியே எழுதி, கூறியவர் உழைத்த தோட்டத்தையும் காலத்தையும் அருகே குறித்து வைத்தல் போதும்.

ஆம்பி, காளாம்பி என்னும் சொற்களைப் புலவர்கள் ஏட்டில் எழுதி வைத்தமையால் இன்று நாம் அறிகிறோம். ஜொகூர் நிரைகளில் வழங்கிய சொற்களை எழுதி வைத்தவர் இல்லை. அவை அறிந்தோர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். கடைசி வினாவுக்கு அவர்கள் தரும் விடையையே நாம் முதலில் கேட்டறிதல் வேண்டும்.